கிட்டா, சப்வெர்ஷனா? - ஒரு புதுச்சேரிப் பஞ்சாயத்து

ஆணி கொஞ்சம் ஜாஸ்தியா இருந்ததால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரவே முடியலை. இன்னைக்குப் பொட்டி தட்டுற மேட்டர் ஒண்ணு. 'ஐயையோ, டெக்னிக்கல் பதிவா'ன்னு உடனே எஸ்கேப் ஆயிடாதீங்க. இதுல ஒரு டீச்சர் வர்றாங்க, ஒரு சொல்தா தாத்தா வர்றாரு, ஆனந்தரங்கப் பிள்ளை கூட ஒரு ஓரமா வந்துட்டுப் போறாரு. பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியணும்னுதான் எழுதறேன்.

சொல்தான்னா என்னன்னு வெளியூர்க்காரங்க கேப்பீங்க. பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்துட்டு பென்ஷன் வாங்கறவங்களை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். படைவீரனுக்கு பிரெஞ்சுல இருக்கற சொல்லு நம்ம வாயில வந்து சொல்தா ஆயிடுச்சு. இந்த மாதிரி நிறைய இருக்கு. பீச் ரோட்டுல இருக்கற நகராட்சிக் கட்டடம் 'மேரி'. பத்திரம் எழுதிப் பதிஞ்சு வெக்கிறவர் 'நொத்தேர்'. 1954 நவம்பர் 1ல ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படியும் இந்தியாவோட சேர்ந்தாச்சு. சொல்லுங்க மட்டும் இங்கேயே தங்கிடுச்சு. ஆனா அதைப் பேசறவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

அதையெல்லாம் திரட்டி ஒரு சின்ன அகராதி ஆப் பண்ணலாம்னு நாங்க நாலு பேர் ஆரம்பிச்சோம். காசு கிடையாது, ஞாயித்துக்கிழமை வேலை. நான் தரவு, நிரல் பக்கம். லாஸ்பேட்டை நண்பன் ஆப் பக்கம். மூணாவது ஆள் எங்க கூடப் படிச்சவன், இப்ப பாரிஸ்ல இருக்கான். சொல்தா தாத்தா அவனோட தாத்தாதான். நாலாவது, ரிட்டயர் ஆன பிரெஞ்சு டீச்சர் ஒருத்தங்க, முத்தியால்பேட்டை. அவங்கதான் எங்களுக்கு ஹெட்மாஸ்டர் :-)

ஆரம்பத்துல எல்லாம் வாட்ஸப்தான். 'சொற்பட்டியல்', 'சொற்பட்டியல் புதுசு', 'சொற்பட்டியல் கடைசி', 'சொற்பட்டியல் நெசமாவே கடைசி'... உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கோப்பு வம்சம் இருக்கும், எனக்குத் தெரியும். சுமார் 400 சொல் சேர்ந்ததும் இது வேலைக்காகாதுன்னு புரிஞ்சிடுச்சு. வெர்ஷன் கண்ட்ரோல் வேணும்.

வெர்ஷன் கண்ட்ரோல்னா பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரு கோப்புல எதை மாத்தினாலும், யார் மாத்தினாங்க, எப்ப, ஏன், அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கற கணக்குப்பிள்ளை. உதாரணத்துக்கு 'மேரி'யை எடுத்துக்கங்க. மொதல்ல 'நகராட்சிக் கட்டடம்'னு மட்டும் எழுதியிருந்தோம். அந்தப் பழைய கட்டடம் 2014 நவம்பர் 29ல மழையில இடிஞ்சு விழுந்துச்சு, அதே சாயல்ல திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்கன்னு டீச்சர் குறிப்பு சேர்த்தாங்க. கணக்குப்பிள்ளை இருந்தா பழைய வரியும் நிக்கும், புது வரியும் நிக்கும், ஏன் மாத்தினாங்கன்னும் நிக்கும். அந்தக் கட்டடமே ஒரு மாதிரி பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக் பண்ணின கட்டடம்தான், ஹி ஹி.

சரி, எந்தக் கணக்குப்பிள்ளை? இங்கதான் பஞ்சாயத்து ஆரம்பிச்சுது. மூணு ஞாயித்துக்கிழமை போச்சு.

லாஸ்பேட்டை நண்பன் சப்வெர்ஷன் கட்சி. 'சும்மா எல்லாரும் கிட்டு கிட்டுன்னா நாமளும் போகணுமா'ன்னான். அவன் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. சப்வெர்ஷன் 2000ல ஆரம்பிச்ச திட்டம், 2004ல 1.0 வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த சிவிஎஸ்ஸோட தொல்லைகளைத் தீர்க்கறதுக்குன்னே பண்ணினது. ஒரே சர்வர், ஒரே வரலாறு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் 1, 2, 3ன்னு நம்பர். 'டீச்சர், 127ஐப் பாருங்க'ன்னு போன்லயே சொல்லிடலாம். கிட்டுல அந்த இடத்துல 40 எழுத்து நீளத்துக்கு எண்ணும் எழுத்துமா ஒரு சரம் வரும். அதை டீச்சர்கிட்ட போன்ல சொல்லிப் பாருங்க!

இன்னொரு விஷயமும் சொன்னான். சப்வெர்ஷன்ல மொத்தக் களஞ்சியத்தையும் இறக்க வேணாம், நமக்கு வேண்டிய ஒரு ஃபோல்டரை மட்டும் இறக்கிக்கலாம். கேடிஈ திட்டம் இதுக்கு நல்ல சாட்சி. 2005ல சிவிஎஸ்லேருந்து சப்வெர்ஷனுக்கு வந்தாங்க, அப்புறம் நிரலையெல்லாம் கிட்டுக்குக் கொண்டு போனாங்க. அப்படியும் மொழிபெயர்ப்புக் கோப்புகளை பல வருஷம் சப்வெர்ஷன்லயேதான் வெச்சிருந்தாங்க. தமிழ் பண்றவருக்கு தமிழ் ஃபோல்டர் போதும், உலகத்து மொழியெல்லாம் எதுக்கு? சரியான பாயிண்டு.

பாரிஸ் நண்பன் மெர்க்குரியல் கட்சி. இதுக்கும் கிட்டுக்கும் பொறந்த நாள் ஒரே மாசம், தெரியுமா? லினக்ஸ் கெர்னலுக்கு 2002லேருந்து பிட்கீப்பர்னு ஒரு தனியார் கருவியை வெச்சிருந்தாங்க. 2005ல அதோட இலவச உரிமத்தை அந்தக் கம்பெனி திரும்ப எடுத்துக்கிச்சு. ஏப்ரல்ல லினஸ் டோர்வால்ட்ஸ் உக்காந்து கிட்டை எழுத ஆரம்பிச்சாரு. சில நாள்லயே கிட்டோட நிரலை கிட்டுலயே வெக்கிற அளவுக்கு வந்துடுச்சு. ஜூன்ல கெர்னல் 2.6.12 அதுலேருந்தே வெளியாச்சு. அதே ஏப்ரல்ல, அதே காரணத்துக்காக மேட் மேக்கால் மெர்க்குரியலை அறிவிச்சாரு. அப்ப நான் மூணாங்கிளாஸ், கோலி விளையாடிக்கிட்டு இருந்திருப்பேன்.

மெர்க்குரியல் கட்டளைங்க கிட்டை விட சுளுவு, அதுல சந்தேகமே இல்லை. பைத்தான்காரங்க 2009ல மூணு கருவியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஆராய்ஞ்சுட்டு மெர்க்குரியலைத்தான் எடுத்தாங்க. 2011ல மாறினாங்க. ஆனா 2017 பிப்ரவரியில கிட்ஹப்புக்கு வந்துட்டாங்க. நல்லா ஆராய்ஞ்சு எடுத்த முடிவுக்கே ஆறு வருஷம்தான் ஆயுசு. ஆனா ஒண்ணு கவனிங்க. சிவிஎஸ், சப்வெர்ஷன், மெர்க்குரியல், கிட்டுன்னு நாலு வீடு மாறியும், 1990லேருந்து உள்ள வரலாற்றை அவங்க கீழ போடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டி எடுத்துட்டுத்தான் போயிருக்காங்க.

நான் கிட்டு கட்சி. ஆபீஸ்ல தினமும் அதோடதான் குடித்தனம். அதுதான் பழக்கம்ங்கறதைத் தவிர என்கிட்ட அப்ப பெரிய வாதம் ஒண்ணும் இல்லை.

இப்படி மூணு பேரும் மூணு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்தப்ப, அதுவரைக்கும் காபி குடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்த டீச்சர் ஒரு கேள்வி கேட்டாங்க.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இதுல என் பேரு எங்க வரும்?"

நாங்க மூணு பேரும் கப்சிப்.

டீச்சர் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு அமைப்பு மலர் ஒண்ணு போட்டுச்சு, பேரு வேணாம். அதுக்காக டீச்சர் ஆறு மாசம் வீடு வீடாப் போயி, பழைய ஆளுங்ககிட்ட பேசி, பிரெஞ்சுச் சொல் பட்டியல் ஒண்ணு தயார் பண்ணிக் குடுத்தாங்க. மலர் வந்துச்சு. பட்டியலும் வந்துச்சு. கீழ 'தொகுப்பு: மலர்க்குழு'ன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவங்க யாருக்கும் எதுவும் எழுதிக் குடுக்கலை, எங்களுக்குத்தான் மறுபடியும் ஆரம்பிச்சிருக்காங்க.

இதை யோசிச்சுப் பாருங்க மக்கா. தமிழ்ல தன்னார்வமா நடக்கற வேலைக்கு சம்பளம் கிடையாது. கடைசியில மிஞ்சறது பேரு ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா என்ன இருக்கு?

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து இந்தக் கண்ணோட்டத்துல எல்லாத்தையும் திரும்பப் பார்த்தேன். எது வேகம், எதுல கட்டளை சுளுவுங்கறதையெல்லாம் தள்ளி வெச்சுட்டு மூணே கேள்வி எழுதினேன்.

1. எழுதினவங்க பேரு வரியோட ஒட்டிக்கிட்டு நிக்குமா?

சப்வெர்ஷன்ல ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே ஒரு பேருக்குத்தான் இடம். சர்வர்ல நுழைஞ்சு ஏத்தினவர் யாரோ அவர் பேரு. டீச்சர் நோட்டுல எழுதிப் போட்டோ அனுப்புறாங்க, நான் தட்டச்சு பண்ணி ஏத்தறேன்னு வைங்க. வரலாறு முழுக்க என் பேருதான் நிக்கும். டீச்சர் பேரை விளக்கக் குறிப்புல எழுதலாம், ஆனா அது நம்ம ஒழுக்கத்தைப் பொறுத்தது. ஒரு வரியைக் காட்டி 'இது யாருது'ன்னு கேட்டா கருவி என்னைத்தான் கைகாட்டும். அதாவது, கருவியே 'மலர்க்குழு'ன்னு போட்டுடும்.

கிட்டுல ரெண்டு இடம் இருக்கு. எழுதினவர் ஒருத்தர், களஞ்சியத்துல சேர்த்தவர் ஒருத்தர். லினக்ஸ் கெர்னல்ல ஆயிரக்கணக்கான பேரு மின்னஞ்சல்ல திருத்தம் அனுப்புவாங்க, பொறுப்புல இருக்கற சில பேருதான் அதை எடுத்துச் சேர்ப்பாங்க. அந்தப் பழக்கத்துக்கு ஏத்த மாதிரிதான் இந்த ரெண்டு இடமும். லினஸ்க்கு முத்தியால்பேட்டை டீச்சரைத் தெரியாது. ஆனா அவர் பண்ணி வெச்சது அவங்களுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. எழுதியவர்: டீச்சர். சேர்த்தவர்: நான். டீச்சருக்குக் கணக்கு வேணாம், பாஸ்வேர்டு வேணாம், கம்ப்யூட்டரே வேணாம்.

மெர்க்குரியல்லயும் எழுதினவர் பேரை நாம குடுக்கலாம். ஆனா சேர்த்தவருக்குன்னு தனி இடம் அதுல இயல்பா கிடையாது. எனக்கு ரெண்டும் வேணும். டீச்சர் சொன்னதை நான் தப்பாத் தட்டச்சு பண்ணினா அந்தப் பழி என் பேர்ல வரணும் இல்லையா?

பேர்லயும் ஒரு சிக்கல் உண்டு. நம்ம ஆளுங்க பேரை நாலு விதமா எழுதுவோம். இனிஷியல் முன்னாடி, பின்னாடி, இல்லாம. கிட்டுக்கு அதெல்லாம் நாலு பேரு. இதுக்கு 'மெயில்மேப்'னு ஒரு சின்னக் கோப்பு இருக்கு. இந்த நாலும் ஒரே ஆள்தான்னு அதுல எழுதி வெச்சா, பட்டியல் எடுக்கும்போது ஒண்ணாக் காட்டும். பழைய வரலாற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. களஞ்சியம் பொதுவுல இருந்தா, அதுல போட்ட பேரும் மின்னஞ்சலும் உலகத்துக்கே தெரியும், அப்புறம் எடுக்கறது ரொம்பக் கஷ்டம். அதனால ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் போட்டோம். மின்னஞ்சல் இடத்துல எல்லாருக்கும் திட்டத்தோட பொது முகவரி. பேரு வேணாம்னு சொன்னவங்க ரெண்டு பேரு. அவங்க சொன்ன சொல்லுக்கு 'காரைக்கால், பெண், 70 வயசுக்கு மேல்'னு மட்டும் குறிச்சிருக்கோம்.

2. வரலாறு யார் கையில இருக்கும்?

இங்கதான் ஆனந்தரங்கப் பிள்ளை வர்றாரு. துய்ப்ளேக்ஸ் காலத்து துபாஷி. 1736லேருந்து 1761 வரைக்கும் அவர் எழுதின நாட்குறிப்பு ரொம்ப காலம் யாருக்கும் தெரியாமக் கெடந்துச்சு. 1846ல கல்வா மோன்பிரோன் அதைக் கண்டெடுத்துப் பிரதி எடுத்தாரு. எதுவார் அரியேல் எடுத்த இன்னொரு பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போச்சு. பின்னாடி சென்னை அரசாங்கமும் தனக்குன்னு ஒரு பிரதி எடுத்துக்கிச்சு. 1904லேருந்து 1928 வரைக்கும் 12 தொகுதியா ஆங்கிலத்துல வந்ததுக்கு அதுதான் ஆதாரம். இன்னைக்கு நாம அதைப் படிக்கறோம்னா, ஒரே ஒரு இடத்துல இல்லாம பல கையில பிரதி இருந்ததாலதான்.

கிட்டு, மெர்க்குரியல் ரெண்டுக்கும் அடிப்படையே இதுதான். ஒருத்தர் களஞ்சியத்தை கிளோன் பண்ணினா, இன்னைய நிலைமை மட்டும் இல்லை, மொத நாள்லேருந்து உள்ள முழு வரலாறும் அவர் கணினிக்கு வந்துடும். சப்வெர்ஷன்ல அப்படி இல்லை. நம்ம கையில இருக்கறது இன்னைய பிரதி மட்டும். வரலாறு சர்வர்ல. சர்வர் போனா, அதைத் தனியா நகல் எடுத்து வெச்சிருந்தாத்தான் உண்டு.

எங்க சர்வர் எங்க இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? லாஸ்பேட்டை நண்பன் வீட்டு மாடியில ஒரு பழைய கணினி. 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சே, அந்த மழையை இங்க இருந்தவங்க மறக்க மாட்டோம். தெருவெல்லாம் ஆறு. கரண்ட் இல்லை, நெட் இல்லை. ஊருக்கு 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சதும் ஞாபகம் இருக்கு. கடலோரத்துல ஒரே பொட்டியை நம்பிக் குடித்தனம் பண்ண முடியாதுங்க.

'அப்ப இணையத்துல ஒரு பெரிய கம்பெனி இடத்துல வெச்சுட்டாப் போச்சு'ன்னு சொல்லலாம். அதையும் பார்த்துட்டோம். கூகுள் கோட் 2015ல மூடறோம்னு அறிவிச்சாங்க, 2016 ஜனவரியில மூடிட்டாங்க. பிட்பக்கெட் 2019ல மெர்க்குரியலுக்கு டாட்டா காட்டினாங்க, 2020ல அந்தக் களஞ்சியங்களை நீக்கிட்டாங்க. பாரிஸ் நண்பனோட கட்சி பலம் குறைஞ்சது இங்கதான். மெர்க்குரியல் நல்ல கருவி, இன்னைக்கும் இருக்கு, ஆனா கொண்டு போய் வெக்கறதுக்குத் திண்ணை கம்மி. அதை விடுங்க, 2014 டிசம்பர்ல நம்ம அரசாங்கமே 32 தளங்களைத் தடை பண்ண உத்தரவு போட்டாங்க. கிட்ஹப்பும் அதுல ஒண்ணு, சோர்ஸ்ஃபோர்ஜும் ஒண்ணு. கொஞ்ச நாள்ல தடையை எடுத்துட்டாங்கதான். ஆனா அந்தக் கொஞ்ச நாள்ல கையில முழுப் பிரதி இருந்தவன் வேலை பார்த்துக்கிட்டு இருந்திருப்பான்.

நிறைய பேரு கிட்டையும் கிட்ஹப்பையும் ஒண்ணுன்னு நெனைக்கறாங்க. கிட்டு கருவி, கிட்ஹப் திண்ணை. திண்ணைக்காரர் வீட்டை மூடினா கருவியைத் தூக்கிக்கிட்டு அடுத்த திண்ணைக்குப் போயிடலாம். நாங்க ரெண்டு திண்ணையில வெச்சிருக்கோம். அது போக, முத்தியால்பேட்டையில என் கணினியில ஒண்ணு, லாஸ்பேட்டையில ஒண்ணு, பாரிஸ்ல ஒண்ணு. பிள்ளையோட நாட்குறிப்பு மாதிரியே நம்ம சொற்பட்டியலும் பாரிஸ்ல ஒரு பிரதி இருக்குன்னு சொன்னதும் டீச்சருக்கு ஏக சந்தோஷம்.

3. ரெண்டு பேரு முட்டிக்கிட்டா என்ன பண்றது?

எந்தக் கருவியா இருந்தாலும், ரெண்டு பேரு ஒரே வரியை ரெண்டு விதமா மாத்தினா 'கான்ஃப்ளிக்ட், நீயே முடிவு பண்ணு'ன்னு நிறுத்திடும். நிரல்ல அது சரி. ஒரு வரிதான் ஓடும். ஆனா சொல்லுல?

'ஐயா'ங்கறதுக்கு டீச்சர் 'மிசியே'ன்னு எழுதறாங்க. தாத்தா சொன்னதைக் கேட்டு பேரன் 'முசே'ன்னு எழுதறான். ரெண்டு பேருக்கும் செம வாக்குவாதம். டீச்சர் பிரெஞ்சு உச்சரிப்பைக் காட்டறாங்க, பேரன் 'எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துலயே இருந்தவரு'ங்கறான். இதுல யாரைத் தோக்கடிக்கறது? ரெண்டும் இந்த ஊர்ல பேசினதுதானே!

இதுக்கு விடை கணினிக்காரங்ககிட்ட இல்லை, ஏட்டுச்சுவடிக்காரங்ககிட்ட இருக்கு. உ.வே.சா. 1894ல புறநானூறு பதிப்பிச்சப்ப, சுவடிக்குச் சுவடி வேறுபட்டதைத் தூக்கிப் போடலை. ஒண்ணை மூலத்துல வெச்சு மத்ததைப் பிரதிபேதம்னு கீழ குடுத்தாரு. யார் யார்கிட்டேருந்து சுவடி கெடச்சுதுன்னும் முன்னாடி எழுதி வெச்சாரு. நம்ம துமா தெருவுல இருக்கற பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப்பள்ளியிலயும் அதே வேலைதான் நடந்துச்சு. அதுலேருந்து 2008ல ஏவா வில்டன் செஞ்ச நற்றிணைப் பதிப்பு மூணு தொகுதியா வந்துச்சு, சுவடிகளோட பாடபேதம் எல்லாம் வரிசையா இருக்கும். தோத்த பாடத்தையும் காப்பாத்தறதுதான் நல்ல பதிப்பு.

அதனால கோப்போட அமைப்பையே மாத்தினோம். ஒரு சொல்லுக்கு ஒரு வரிங்கறதை விட்டுட்டு, ஒரு வடிவத்துக்கு ஒரு வரி. பக்கத்துலயே எந்தப் பேட்டை, யார் சொன்னதுன்னு. 'மிசியே' ஒரு வரி, 'முசே' ஒரு வரி. பாதிச் சண்டை அங்கேயே முடிஞ்சுது. மீதிக்கு கிட்டுல 'யூனியன்'னு ஒரு மெர்ஜ் முறை இருக்கு. குறிப்பிட்ட கோப்புக்கு அதைச் சொல்லி வெச்சா, முட்டிக்கிட்ட எடத்துல ரெண்டு பேர் வரியையும் வெச்சுக்கும், கேள்வி கேக்காது. நிரல் கோப்புக்கு இதைப் போட்டீங்கன்னா நாசம்தான். வரிசையும் ஒழுங்கா இருக்காது, சில நேரம் ஒரே வரி ரெண்டு தடவை வரும். சொற்பட்டியலுக்கு மட்டும் போட்டு, அப்புறம் வரிசைப்படுத்தி இரட்டையை நீக்க ஒரு சின்ன நிரல் ஓட்டறோம்.

தமிழுக்குன்னு உள்ள ரெண்டு தொல்லையையும் சொல்லிடறேன், உங்களுக்கு உதவும்.

ஒண்ணு, 'நொ' மாதிரி எழுத்து. யுனிகோட்ல கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாவும் வெக்கலாம், தனித்தனியா ரெண்டு குறியாவும் வெக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. கருவிக்கு வேற வேற. பழைய எழுத்துரு மாற்றிகள்லேருந்து வர்ற வரிகள்ல 'நொத்தேர்' ரெண்டு விதமா வந்து, ஒண்ணுமே மாறாத வரி மாறின மாதிரி செவப்பும் பச்சையுமா காட்டும். கமிட் ஆகறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர பைத்தான்ல நாலு வரி எழுதி ஹூக்கா மாட்டிட்டோம்.

ரெண்டு, தமிழ்ல கோப்புக்குப் பேரு வெச்சா கிட்டு அதை 340, 256ன்னு நம்பரா உருட்டிக் காட்டும். பயந்துடாதீங்க, கோப்பு கெட்டுப் போகலை. 'கோட்பாத்'ங்கற அமைப்பை அணைச்சுட்டா அழகா தமிழ்லயே காட்டும்.

ஆக, மூணு கேள்விக்கும் கிட்டுதான் விடையா வந்துச்சு. சும்மா கெடைக்கலை, விலை உண்டு. லாஸ்பேட்டை நண்பன் சொன்ன சுளுவான நம்பர் போச்சு. பெரிய ஒலிக்கோப்பெல்லாம் கிட்டுக்கு ஒத்துக்காது. ஒவ்வொரு கிளோனுக்கும் மொத்தமும் கூடவே போகும், களஞ்சியம் வீங்கிடும். அந்த விஷயத்துல சப்வெர்ஷன்தான் தேவலை. அதனால தாத்தாவோட குரல் பதிவெல்லாம் தனியா ரெண்டு ஹார்டு டிஸ்க்ல இருக்கு, கிட்டுல அதோட பட்டியல் மட்டும்.

உங்க திட்டத்துக்கும் கிட்டுதான்னு நான் சொல்ல வரலை. படமும் வீடியோவும் நிறைய இருந்து, எல்லாரும் ஒரே ஆபீஸ்ல உக்காந்து, சர்வரைப் பார்த்துக்க ஆளும் இருந்தா சப்வெர்ஷன் இன்னைக்கும் நல்லா ஓடும். எது வேகம், எது புதுசுன்னு ஆரம்பிக்காம, இந்த மூணு கேள்வியைக் கேட்டுட்டு அப்புறம் கருவியைப் பாருங்க. அவ்வளவுதான்.

தாத்தா போன பங்குனியில தவறிட்டாரு. 'சொல்தா'ங்கற சொல்லுக்கு அவர் குடுத்த விளக்கம் அப்படியே இருக்கு. ஒரு வரியை யார் எழுதினாங்கன்னு பார்க்கற கட்டளைக்கு கிட்டுல 'பிளேம்'னு பேரு, குற்றம் சாட்டற மாதிரி. சப்வெர்ஷன்ல அதே கட்டளைக்கு 'பிரெய்ஸ்'னு, பாராட்டுன்னு, இன்னொரு பேரும் உண்டு. என்ன வேடிக்கை பாருங்க, பாராட்டுன்னு பேரு வெச்ச கருவி ஏத்தினவனைத்தான் காட்டும், குற்றம்னு பேரு வெச்ச கருவிதான் எழுதினவரைக் காட்டுது. கிட்டுல கட்டளைக்கு நாமளே மாற்றுப்பேரு வெச்சுக்கலாம். எங்க நாலு பேர் திட்டத்துல 'பிளேம்' கிடையாது, 'பிரெய்ஸ்'தான். அதை ஓட்டினா சொல்தாவுக்கு நேரா தாத்தா பேரு வருது. சேர்த்தவர் எடத்துல பேரன் பேரு.

டீச்சர் போன வாரம் 'நொத்தேர்' வரியை ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. "இனிஷியலை முன்னாடி போடு தம்பி"ன்னாங்க. மெயில்மேப்ல ஒரு வரி. போட்டாச்சு :-)

பி.கு: காரைக்கால், மாஹே, ஏனாம் பக்கத்துச் சொல் தெரிஞ்சவங்க இருந்தா அவசியம் எழுதுங்க. ஒரு சொல்லா இருந்தாலும் பரவாயில்லை. உங்க பேரு வரியோட நிக்கும், அதுக்கு நான் கியாரண்டி.